குதிரைக்கு முழு மார்க், வண்டிக்குப் பாதி

பேரன் பிடிவாதம் பிடித்தான் என்று போன ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானில் குதிரை வண்டி ஏறினோம். அரை மணி நேரத்துக்கு 600 ரூபாய். பலகையில் 'அசல் அரேபியக் குதிரை' என்று எழுதியிருந்தது. கால்நடை மருத்துவமனையில் 31 வருடம் கம்பவுண்டராக இருந்தவன் நான். காதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து, நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நின்றன. அரேபியக் குதிரைக்கு ஏது இந்தக் காது? குஜராத்தின் கத்தியவாரி, ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரைகளுக்குத்தான் இப்படி இருக்கும். "மார்வாரியா தம்பி?" என்றேன். "இல்லீங்கய்யா, குஜராத்துலேருந்து வந்தது. முதலாளிதான் அப்படி எழுதிட்டாரு" என்றார் வண்டிக்காரர். அப்படியானால் கத்தியவாரிதான். அந்த இனத்தில் அரபு ரத்தமும் கலந்திருக்கிறது, அதனால் பலகையைச் சுத்தப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது.

நிறம் எலிச் சாம்பல். முதுகு நெடுகக் கறுப்புக் கோடு, முழங்காலில் வரிக்குதிரைக்கு இருப்பது போல மெல்லிய வரிகள். உயரம் தோள் வரை நாலே முக்கால் அடிதான். சவாரிக்கும் இலேசான வண்டிக்கும் ஏற்ற உடல்வாகு, வெயிலும் தாங்கும். சுத்தமான கத்தியவாரி அதன் சொந்த ஊரிலேயே அரிதாகி வருகிறது. அது செட்டிநாட்டுத் தெருவில் லாடம் தட்டிப் போவதைக் கேட்க 600 ரூபாய் பெரிதில்லை. புல்லட் ஒன்று உறுமிக்கொண்டு கடந்தபோது மிரளவில்லை. காதை மட்டும் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொண்டது. "அய்யனார் கோயில் குதிரைக்குக் காது இப்படி இல்லையே ஐயா" என்றான் பேரன். மண் குதிரை செய்யும் வேளாரைத்தான் கேட்க வேண்டும்!

வண்டிதான் மோசம். வில் செத்துப்போய், ஒவ்வொரு குழியும் இடுப்பில் இறங்கியது. எங்களுக்கு முன்னால் ஐந்து பெரியவர்களை ஏற்றி வந்திருந்தார்கள், அதுவும் பதினொன்றரை மணி வெயிலில். தண்ணீர் வாளி காலி. மார்பில் பட்டை உரசிய இடத்தில் தோல் வழன்றிருந்தது. துணி வைத்துக் கட்டச் சொன்னேன். உடனே தன் துண்டையே மடித்து வைத்தார், நல்ல மனிதர். முதலாளிதான் கண்ணில் படவில்லை.

போவதானால் காலை எட்டு மணிக்குள் போங்கள், மூன்று பேருக்கு மேல் ஏறாதீர்கள். கொஞ்சம் வெல்லம் எடுத்துப் போங்கள். பேரன் நீட்டியதை வாங்கித் தின்றுவிட்டு, என் சட்டைப் பையையும் மோந்து பார்த்தது.