கட்டும்போது புதியது, கேட்கும்போது பழையது: என் கேமரா இன்சூரன்ஸ்

கீழே விழுந்து பழுதான என் 70-200 ஜூம் லென்ஸ் சர்வீஸ் முடிந்து வந்துவிட்டது. இன்சூரன்ஸ் பணமும் வந்துவிட்டது. கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர், "நானும் பாலிசி எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். எடுக்கலாம். ஆனால் கொட்டித் தீர்க்க ஒரு விஷயம் இருக்கிறது.

என்னுடையது ஆல் ரிஸ்க் பாலிசி, அதாவது விலக்கிவைத்தவை தவிர மற்ற எதிர்பாராத சேதங்களுக்கெல்லாம் பொருந்துவது. பாடி, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் சீரியல் எண்ணோடு பட்டியலில் இருக்கின்றன. புதுப்பிக்கும்போதெல்லாம் ஏஜென்ட் சொல்வது ஒன்றுதான்: "இன்றைக்குக் கடையில் என்ன விலையோ, அதையே போடுங்கள் சார்." குறைத்துப் போட்டால் வம்பு. 1,60,000 ரூபாய் பெறுமானமுள்ள பொருளை 80,000 என்று எழுதினால், ரிப்பேர் செலவிலும் பாதிதான் கிடைக்கும். ஆகவே கடை விலைக்கே பிரீமியம் கட்டினேன். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

மண்டபத்தில் யாரோ லைட் வயரில் கால் தடுக்கி, ஸ்டாண்ட் சாய்ந்து, கேமரா முகம் குப்புற விழுந்தது. ஃபில்டர் நசுங்கியது, ஃபோகஸ் வளையம் பாதியில் இறுகிவிட்டது.

சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன நேரத்துக்குச் சர்வீஸ் சென்டருக்கு வந்தார். சீரியல் எண்ணைப் பாலிசியோடு ஒப்பிட்டார். வளையத்தைக் கட்டைவிரலால் மெல்ல உருட்டி, அது முட்டி நிற்கும் இடத்தை வீடியோ எடுத்துக்கொண்டார். பிரிப்பதற்கு முன் படம், பிரித்த பின் படம். ஒரு கடுஞ்சொல் இல்லை. பிறகு எழுதினார் பாருங்கள், ஓர் அறிக்கை! மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் லென்ஸின் வயதைக் கணக்கிட்டுத் தேய்மானம். போதாததற்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் நம் தலையில் கட்டும் எக்சஸ் தொகை. சர்வீஸ் பில் 41,000 ரூபாய். கைக்கு வந்தது 25,000 சொச்சம்.

பிரீமியம் வாங்கும்போது அது புத்தம் புது லென்ஸ். கிளெய்ம் கேட்டால் கிழட்டு லென்ஸ். ஒரே சீரியல் எண், ஒரே கோப்பு! இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை. ஆனால் தேய்மானம் கழிப்போம் என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன வாதாடுவது?

நண்பரே, எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசி என்று தனியாக ஒன்று உண்டு, விசாரியுங்கள். அதிலும் புது விலைக்குத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ரிப்பேர் என்று வந்தால், சீக்கிரம் தேயும் பாகங்களைத் தவிர மற்றவற்றுக்குப் பொதுவாகத் தேய்மானம் பிடிப்பதில்லை. முழுக்கப் போனால்தான் வயதைப் பார்ப்பார்கள். வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்குக் கூடுதல் ஒப்புதல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்டுடியோவுக்குள் விழுந்தால்தான் காசு.

திருட்டு தனிக் கதை. புகார் கொடுத்ததும் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு கிளெய்ம் நகராது, எஃப்.ஐ.ஆர். வேண்டும், பொருள் கிடைக்கவில்லை என்று பிறகு போலீஸ் தரும் சான்றிதழும் வேண்டும். ஆளில்லாத காரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அதற்குத் தனி நிபந்தனை இருக்கும். லென்ஸில் பூஞ்சை பிடித்தாலும், ஷட்டர் தானாகப் பழுதானாலும் பைசா கிடையாது. அவை விபத்தல்ல என்பது அவர்கள் வாதம். அதை மறுப்பதற்கில்லை.

இத்தனைக்கும் நடுவில், மேனேஜர் ஒருவரின் காலில்கூட விழாமல் என் கிளெய்ம் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆவணத்தைக்கூட இரண்டாம் முறை கேட்கவில்லை. சீசன் நடுவே 25,000 ரூபாய் சும்மா வராது. முதலாண்டிலேயே விலையுயர்ந்த பொருளோடு தொழிலில் இறங்குபவர் கட்டாயம் எடுக்க வேண்டும்.

எனக்குப் புதுப்பிக்கும் தேதி அடுத்த மாதம். பாடிகள் பட்டியலில் இருக்கட்டும், 70-200-ஐ எடுத்துவிடுங்கள் என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். "விழுந்ததே அதுதானே சார்" என்றார். இருக்கட்டும். கிழட்டு லென்ஸுக்குப் புது விலையில் பிரீமியம் கட்ட இனி மனம் வரவில்லை.