வேர்டு ஃபைல் திறக்க இழுக்கிறதா? ஆண்டிவைரஸை அணைப்பதா, விலக்கு கொடுப்பதா, மாற்றுவதா?

கல்லூரி வாசலில் டைப்பிங், பிரிண்ட், பைண்டிங் எல்லாம் செய்யும் கடை என்னுடையது. மார்ச், ஏப்ரல் வந்தால் புராஜெக்ட் சீசன். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு பென் டிரைவை நீட்டுவார்கள். அந்த நெருக்கடியில் ஒரு வேர்டு ஃபைலைச் சொடுக்கிவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி பத்துப் பதினைந்து நொடி உட்கார்ந்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். "அண்ணா, காலேஜ் லேப்ல உடனே ஓப்பன் ஆச்சே" என்று ஒரு பையன் சொன்னபோது இன்னும் எரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பழி முதலில் ஆண்டிவைரஸ் மேல்தான் விழும். பல சமயம் அது நியாயமும்கூட. கடையில் உள்ள மூன்று கணினிகளில் நான் மாற்றி மாற்றிப் பார்த்த வழிகளை இங்கே எதிரெதிரே வைக்கிறேன். அந்தப் பையனின் ஃபைலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது தனிக் கதை.

அதற்கு முன், தாமதம் எங்கே உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். ஃபைலைச் சொடுக்கியதும் வேர்டு அதை விண்டோஸிடம் கேட்கிறது. நடுவில் ஆண்டிவைரஸின் வடிகட்டி ஒன்று காவலுக்கு நிற்கிறது. அது ஃபைலைச் சோதித்து முடிக்கும்வரை வேர்டு காத்திருக்க வேண்டியதுதான். ஆபீஸ் 2007-இல் வந்த டாக்எக்ஸ் வடிவம் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒரு நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் ஃபைல்களும் நீங்கள் ஒட்டிய படங்களும் வரிசையாக இருக்கும். ஆண்டிவைரஸ் அந்த மூட்டையை அவிழ்த்துத்தான் உள்ளே பார்க்க முடியும். போன் கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஒட்டி வைத்த புராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் மூட்டை கனமாகத்தான் இருக்கும். சுத்தமானது என்று தெரிந்த ஃபைலைப் பெரும்பாலான ஆண்டிவைரஸ்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபைல் மாறாதவரை அடுத்த முறை முழுச் சோதனை இருக்காது. அதனால்தான் இரண்டாவது தடவை சட்டென்று திறக்கிறது. வீட்டில் ஒரே ஃபைலைத் தினமும் திறப்பவருக்கு இது பெரிய வசதி. எனக்கு வருவதெல்லாம் புது முகம், ஒவ்வொன்றுக்கும் முதல் சோதனைதான்.

வெறும் கடிதத்துக்கு எதற்கு இவ்வளவு சந்தேகம் என்று கேட்கலாம். மேக்ரோ என்பது வேர்டு ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் சிறு நிரல். 1995-இல் கான்செப்ட் என்ற மேக்ரோ வைரஸ் வேர்டு ஃபைல்களில் ஏறி ஊர் ஊராகப் பரவியது. 1999 மார்ச்சில் மெலிசா, ஒரு வேர்டு ஃபைலாக மின்னஞ்சலில் வந்து, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தானே தன்னை அனுப்பிக்கொண்டது. அன்றிலிருந்து வேர்டு ஃபைல் என்றால் ஆண்டிவைரஸ் கொஞ்சம் கூடுதலாகவே முறைக்கும்.

அணைத்து வைப்பது

வேகத்தை மட்டும் பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. நான் ஒரு சீசனில் மதியம் மட்டும் அணைத்து வைத்தேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் நிகழ்நேரப் பாதுகாப்பை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் அதுவே திரும்ப ஓடத் தொடங்கிவிடும். அப்போது நான் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய வேறொன்று. அது சொன்னபடி கேட்டு அமைதியாக இருந்தது. மாலைக்குள் ஒரு பென் டிரைவில் இருந்த ஷார்ட்கட் வைரஸ் கணினிக்குள் இறங்கி, அதன் பிறகு செருகிய ஒவ்வொரு பென் டிரைவிலும் போல்டர்களை மறைத்து ஷார்ட்கட்களாக மாற்றி வைத்துவிட்டது. மறைந்த போல்டர்களை மீட்டுவிடலாம், ஃபைல்கள் அழியவில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழெட்டுப் பிள்ளைகள் கடை வாசலில் நின்றதை மறக்க முடியாது. மிச்சம் பிடித்த நேரத்தைப் போல நாலு மடங்கு அன்று போனது.

விலக்கு கொடுப்பது

விலக்கு என்றால் இதைச் சோதிக்காதே என்று ஆண்டிவைரஸிடம் சொல்லி வைப்பது. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், ஏனென்றால் விலக்கு ஒரே வகை இல்லை. டிஃபெண்டரின் அமைப்பில் போய்ப் பார்த்தால் ஃபைல், போல்டர், ஃபைல் வகை, புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்று நான்கு கேட்கும். தனி ஃபைல் விலக்கு நம் கதைக்கு உதவாது. மற்ற மூன்றையும் ஒப்பிடுவோம்.

ஃபைல் வகை விலக்கு என்றால் டாக்எக்ஸ் என்று முடியும் எதையும் பார்க்காதே என்று சொல்வது. பின்னொட்டை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். வீட்டுக் கதவைத் திறந்து போட்டு, வெள்ளைச் சட்டை போட்டவர் எல்லாம் உள்ளே வரலாம் என்பது போலத்தான்.

புராசஸ் விலக்கு பார்வைக்கு நல்ல பிள்ளை போலத் தெரியும். "வேர்டு மைக்ரோசாஃப்டின் மென்பொருள்தானே, அதை நம்பலாமே" என்று நினைத்து நானும் கொடுத்திருக்கிறேன். பொருள் அதுவல்ல. வேர்டு நிரலுக்கு விலக்கு கொடுத்தால், வேர்டு திறக்கும் ஃபைல்களை எல்லாம் நிகழ்நேரச் சோதனை விட்டுவிடும். நிரலை நம்புகிறோம் என்று நினைத்து, அதன் கைக்கு வருகிற அத்தனை பேர் ஃபைலையும் நம்பிவிடுகிறோம். "நான் மேக்ரோவை எனேபிள் பண்ணவே மாட்டேன்" என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. 2022-இல் வெளிவந்த ஃபொலினா என்ற பாதுகாப்பு ஓட்டைக்கு மேக்ரோவே தேவைப்படவில்லை. வேர்டு ஃபைல் ஒரு இணையப் பக்கத்தை இழுத்து, விண்டோஸின் பழுதறியும் கருவி வழியாகக் கட்டளையை ஓட்டியது. அதற்கு முன் 2017-இல் ஆபீஸோடு வந்த பழைய ஈக்வேஷன் எடிட்டரில் (கணிதச் சமன்பாடு எழுதும் கருவி) இருந்த ஓட்டையும் இதே மாதிரி, மேக்ரோ இல்லாமல் வேலை செய்தது. இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்துவிட்டது. அடுத்தது எது என்று யாருக்குத் தெரியும்?

மிச்சம் போல்டர் விலக்கு. என் தேர்வு இதுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த போல்டருக்குள் நானே உருவாக்கிய ஃபைல் மட்டும்தான் போக வேண்டும். அறுநூறு பக்க நாவலை ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு தினமும் திருத்தும் எழுத்தாளருக்கு இது கச்சிதம். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஃபைல் மாறுவதால், அவருக்கு ஆண்டிவைரஸின் நினைவாற்றல் பெரிதாக உதவாது. விலக்கு உதவும். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் இரண்டுக்கும் மட்டும் விலக்கு கொடுத்துவிடாதீர்கள், ஊரில் உள்ளதெல்லாம் வந்து விழுவது அங்கேதான்.

கடைக்கு இதனால் என்ன லாபம் என்றால், கொஞ்சம்தான். எனக்கு மெதுவாகத் திறப்பது வெளியிலிருந்து வரும் ஃபைல், விலக்குக் கொடுக்கக் கூடாததும் அதுவே. முகப்புப் பக்கம், சான்றிதழ்ப் பக்கம் மாதிரிகளை வைத்திருக்கும் போல்டருக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறேன். விலக்கு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐக்கார் சோதனை ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள், எந்தக் கெடுதலும் செய்யாது, எல்லா ஆண்டிவைரஸும் அதைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். விலக்கிய போல்டரில் அமைதி, பக்கத்து போல்டரில் கூச்சல் என்றால் எல்லாம் சரி.

ஒரே ஃபைலுக்கு இரண்டு சோதனை

இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆபீஸுக்குள்ளேயே ஆண்டிவைரஸ் தன்னைப் பதிவு செய்துகொள்ள ஒரு வாசல் உண்டு. பழைய ஆபீஸ் பதிப்புகளில் ஃபைல் திறக்கும்போது கீழ்ப்பட்டையில் வைரஸ் சோதனை கோரப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடுமே, அதுதான். இப்படி ஆபீஸ் இணைப்பு போட்டுக்கொண்ட ஆண்டிவைரஸ், ஃபைலை விண்டோஸ் மட்டத்தில் ஒரு முறை பார்க்கும், வேர்டு கேட்கும்போது இன்னொரு முறையும் பார்க்கலாம். அதன் அமைப்புகளில் ஆபீஸ் ஃபைல் சோதனை என்று தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அணைத்துப் பாருங்கள். ஃபைல் மட்டத்துக் காவல் அப்படியே நிற்கும். எதையும் திறந்து போடாமல் வேகம் கிடைக்கும் வழி இது. என் பழைய கணினியில் கண்கூடாக வித்தியாசம் தெரிந்தது.

தனி ஆண்டிவைரஸா, டிஃபெண்டரா?

கணினி வாங்கும்போதே கடைக்காரர் ஒரு ஆண்டிவைரஸ் பெட்டியையும் சேர்த்துக் கொடுப்பது நம்மூர் வழக்கம். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டையும் நம் பக்கத்துக் கடைகளில் நிறையப் பார்க்கலாம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபெண்டர் முழு ஆண்டிவைரஸாகவே விண்டோஸோடு வருகிறது. வேறொன்றை நிறுவினால் இது ஒதுங்கிக்கொள்ளும்.

டிஃபெண்டர் இலவசம் என்பதால் இலகுவானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் ஆண்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் என்று ஒன்று மேலே ஏறி நிற்கும், அது இவர்தான். பழைய ஹார்ட் டிஸ்கில் நன்றாகவே மூச்சுத் திணற வைப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு இவரைப் பிடிக்கும்: எதில் நேரம் போகிறது என்று கேட்டால் சொல்வார். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் செயல்திறன் பதிவைத் தொடங்கி, நாலு ஃபைலைத் திறந்து, பதிவை நிறுத்தினால், எந்த ஃபைலுக்கு, எந்தப் பின்னொட்டுக்கு, எந்த நிரலுக்கு எவ்வளவு சோதனை நேரம் போனது என்று பட்டியல் வரும். தனி ஆண்டிவைரஸ்தான் வேண்டும் என்பவர்கள், ஆண்டிவைரஸ்களைச் சோதித்து ஒப்பிடும் ஆஸ்திரிய அமைப்பான ஏவி-கம்பேரட்டிவ்ஸ் வெளியிடும் செயல்திறன் சோதனையைப் பார்க்கலாம். ஆபீஸ் ஃபைல்களைத் திறக்கும் வேகமும் அதில் ஒரு பகுதி. முதல் முறை, அடுத்தடுத்த முறை என்று பிரித்தே கொடுப்பார்கள். என் மாதிரிக் கடைக்காரர் முதல் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

நான் மூன்று கணினிகளிலும் டிஃபெண்டருக்கு வந்துவிட்டேன். பழையதை நீக்கும்போது அதே நிறுவனத்தின் துடைப்புக் கருவியையும் ஓட்டிவிடுங்கள். பாதி நீக்கிய ஆண்டிவைரஸின் வடிகட்டி உள்ளேயே தங்கினால் அதுவும் ஒரு தொல்லை.

லிப்ரே ஆபீஸுக்கு மாறினால்?

வேர்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் இலவச மென்பொருள் இது. தாமதத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். காவல்காரர், அதாவது ஆண்டிவைரஸின் வடிகட்டி, நிற்பது அதற்கும் கீழே. வேர்டு கேட்டாலும் லிப்ரே ஆபீஸ் கேட்டாலும் அதே மூட்டையைத்தான் அவிழ்க்கப் போகிறார். கூடவே, வேர்டில் பக்கம் 47-இல் முடிந்த அத்தியாயம் இங்கே 49-க்குப் போய்விட்டால், பொருளடக்கம் தப்பாகி, பைண்டிங்கான பிறகு என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய தமிழ் ஆய்வேடு என்றால் எந்த மாற்றமும் வேண்டவே வேண்டாம்.

ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா?

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம். விவாதமே இல்லை. சோதனை என்றாலே நிறையப் படிப்பதுதான், படிக்கும் இடம் வேகமானால் காவல்காரரும் வேகமாவார். கைவசம் பணம் இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

சரி, அந்தப் பையனின் ஃபைல். எஸ்எஸ்டி போட்டாயிற்று, டிஃபெண்டருக்கு மாறியாயிற்று, அப்புறமும் அது மட்டும் அரை நிமிடம் இழுத்தது. ஒரு நிமிடம் நெட்டைப் பிடுங்கிவிட்டு டிஃபெண்டரை அணைத்தும் பார்த்தேன். அப்போதும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு வேர்டை சேஃப் மோடில் திறந்தேன், ஆட்-இன் (வேர்டோடு சேர்த்துப் போடும் கூடுதல் நிரல்) எதுவும் காரணமில்லை. முதன்மை பிரிண்டர் அணைந்து கிடந்தாலும் வேர்டு தேடிக்கொண்டு நிற்கும், அதுவும் இல்லை. கடைசியில் டெவலப்பர் பட்டையில் டாக்குமெண்ட் டெம்ப்ளேட் பொத்தானை அழுத்தினேன், ஃபைல் எந்த மாதிரி ஃபைலோடு இணைந்திருக்கிறது என்று அது காட்டும். துறையில் யாரோ ஒருவருடைய கணினியின் நெட்வொர்க் பாதை அங்கே உட்கார்ந்திருந்தது. துறை கொடுத்த மாதிரி ஃபைலிலிருந்து உருவானதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேர்டு என் கடையில் இல்லாத அந்தக் கணினியைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பியிருக்கிறது. லேபில் உடனே திறந்ததில் என்ன அதிசயம், அங்கே அந்தக் கணினி இரண்டு அறை தள்ளித்தானே இருந்திருக்கும்.

பாதையை அழித்து நார்மல் டெம்ப்ளேட்டை வைத்துச் சேமித்தேன். இரண்டே நொடியில் திறந்தது. அந்தத் துறையிலிருந்து இன்னும் நாற்பது பேர் வர வேண்டியிருந்தது. பையனிடம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் விஷயத்தைப் போடச் சொன்னேன். போட்டானா என்று தெரியவில்லை, வந்த எல்லா ஃபைலிலும் நான்தான் அழித்துக்கொண்டிருந்தேன்.