லூகரா, 1911-ஆ, பி-38-ஆ, ஹை-பவரா: சேகரிப்பில் அடுத்து எதைச் சேர்க்கலாம்?

என் பெட்டகத்தில் இப்போது இருக்கும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் (ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) ஒன்றே ஒன்றுதான். அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து 1911ஏ1, அதாவது அமெரிக்க ராணுவத்தின் 1911 பிஸ்டலின் திருத்திய வடிவம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும் என்று முடிவு செய்து, பல மாதங்களாகக் கிடைத்த இடத்திலெல்லாம் பிஸ்டல்களைக் கையில் வாங்கிப் பார்த்து வருகிறேன். கடைசியில் போட்டியில் நின்றவை மூன்று: லூகர் பி-08, வால்தர் பி-38, பிரவுனிங் ஹை-பவர். கையில் ஏற்கெனவே 1911 இருப்பதால் நான்கையும் சேர்த்தே அலசுகிறேன். முதன்முதலாகச் சேகரிக்க வருபவருக்கு 1911-உம் ஒரு தேர்வுதானே.

குறி எவ்வளவு துல்லியம், இடுப்பில் சுமக்க எவ்வளவு வசதி என்பதெல்லாம் எனக்கு இங்கே இரண்டாம் பட்சம். கழற்றி ஒரு துணியில் பரப்பினால் இது எனக்கு எவ்வளவு சொல்லித்தரும் என்பதுதான் என் அளவுகோல். தோட்டா வெடித்து, ரவை குழலை விட்டு வெளியேறும் வரை பின்பக்கம் இறுக மூடியிருக்க வேண்டும். அடுத்த நொடியின் சிறு துளியில் அதுவே தானாகத் திறந்துகொள்ளவும் வேண்டும். இந்த ஒரே கணக்குக்கு நான்கு பிஸ்டல்களும் நான்கு விடைகள் வைத்திருக்கின்றன. ஒன்றுக்கு அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன்.

அதற்கு முன் சட்டம். உரிமம், பதிவு, சேகரிப்பாளருக்கான தனி அனுமதி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை முடித்துவிட்டுத்தான் விற்பவரிடம் பேசவே வேண்டும். செயலிழக்கச் செய்த துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி உள்ள இடமென்றால், உள்ளே சில பாகங்கள் வெட்டப்பட்டோ பற்றவைக்கப்பட்டோ இருக்கும். அப்போது இயக்கத்தைப் பார்க்கும் சுகம் பெரும்பாலும் போய்விடும், உலோகத்தில் குத்திய முத்திரைகளைப் படிக்கும் சுகம்தான் மிஞ்சும்.

லூகரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாருடைய ஆசையும் அங்கேதான் தொடங்குகிறது. ஹ்யூகோ போர்ஷார்ட் 1893-இல் செய்த பருமனான பிஸ்டலை எடுத்து, கியோர்க் லூகர் அதைக் கைக்கு அடக்கமாக்கினார். சுவிட்சர்லாந்து ராணுவம் 1900-இல் ஏற்றது, ஜெர்மன் கடற்படை 1904-இல், தரைப்படை 1908-இல். பி-08 என்ற பெயரில் இருக்கும் 08 அந்த ஆண்டுதான். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவும் இந்த பிஸ்டலோடு பிறந்தது.

இதன் பூட்டு மனித முழங்கால் மாதிரி. காலை நேராக நீட்டி நிற்கும்போது பாதத்தில் எவ்வளவு அழுத்தினாலும் கால் மடங்காது. முழங்காலைப் பின்னாலிருந்து லேசாகத் தட்டினால் போதும், மடங்கிவிடும். லூகரில் குழலும் பூட்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்னால் வரும். பிறகு, இரு பக்கமும் உள்ள உருண்டைக் குமிழ்கள் பிரேமின் (பிடியோடு சேர்ந்த உடற்பகுதி) பின்புறச் சரிவில் மோதும். மோதியதும் மூட்டு மேல்நோக்கி மடங்கும். காலித் தோட்டாவோடு பூட்டைக் கையால் மெதுவாக இழுத்து, அந்த மடிப்பு எழுவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு வேறு பிஸ்டல் கண்ணில் படாது. பிடியின் சாய்வும் அப்படித்தான், கையை நீட்டினால் குழல் தானாகவே நேரே பார்க்கும்.

ஆனால் லூகர் வாங்குவது பிஸ்டல் வாங்குவது அல்ல, எண்களை வாங்குவது. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சின்னச் சின்னப் பாகங்களிலெல்லாம் குத்தப்பட்டிருக்கும். பக்கத் தகடு, ட்ரிகர், பூட்டின் மூட்டுகள் என்று ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் மதிப்பு சரியும். அதனாலேயே எண்ணை மாற்றிக் குத்தி ஒப்பேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. ஒரு விற்பனையாளர் மேசையில் கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி பளபளத்த ஒரு லூகர். எண்கள் எல்லாம் பொருந்தின. கையில் எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். தகட்டின் உட்பக்கமும் பிரேமின் உட்பக்கமும் வெளியே இருந்த அதே கறுப்பு. அங்கேதான் ஆசை விட்டுப்போயிற்று. முதல் உலகப் போர்க்காலத்து லூகர்களில் வெளிப்பரப்புக்கு மட்டும் துருவேற்றித் தேய்த்து நீலக்கறுப்பு நிறம் கொடுத்தார்கள். உட்புறம் வெறும் எஃகின் வெள்ளையாகவே இருக்கும். ட்ரிகர், சேஃப்டி நெம்புகோல் போன்ற சிறு பாகங்கள் சூட்டில் பதப்படுத்திய வைக்கோல் நிறத்தில் மின்னும். மொத்தத்தையும் ரசாயனத் தொட்டியில் முக்கி எடுத்தால் அந்த வெள்ளையும் போகும், வைக்கோல் நிறமும் போகும். மீண்டும் பார்த்தபோது, எழுத்துகளின் விளிம்பும் மெருகுச் சக்கரத்தில் மழுங்கியிருந்தது. திருகுத் துளைகளின் வாய் குழிந்திருந்தது. பார்வைக்கு அழகுதான், ஆனால் நூறு ஆண்டுக் கதையை யாரோ தேய்த்து அழித்துவிட்டார்கள். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: தேய்ந்து வெளுத்த அசல் மேற்பரப்பு, புதிதாக ஏற்றிய கறுப்பைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போரில் சோவியத் படைகள் கைப்பற்றிய லூகர்களும் பி-38-களும் பின்னாளில் கலைத்துச் சேர்க்கப்பட்டு, மறுபடி கறுப்பேற்றப்பட்டு வெளிவந்தன. பெரும்பாலும் ஒரு எக்ஸ் குறி இருக்கும். அவை போலி அல்ல, அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் அதைத் தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்க வேண்டும்.

வால்தர் பி-38 பிறந்ததே லூகரின் குறையில். லூகரைச் செய்ய இயந்திர வேலை அதிகம், நேரம் அதிகம். ராணுவத்துக்கு வேகமாகச் செய்யக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. அப்படி வந்த பி-38-இல் குழல் மேலும் கீழும் சாய்வதில்லை, நேர்கோட்டில் மட்டும் நகரும். குழலுக்கு அடியில் ஒரு சிறு பூட்டுக் கட்டை இருக்கிறது, அது கீழே இறங்கியதும் ஸ்லைடு (பிரேமின் மேல் முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) விடுபடும். பின்னாளில் இத்தாலியின் பெரெட்டா 92 பிஸ்டல் எடுத்துக்கொண்டதும் இதே யோசனையைத்தான். ஆக, இன்றைய பிஸ்டல்களுக்குள் இருக்கும் சங்கதியின் வேர் ஒன்றை இதில் தொட்டுப் பார்க்கலாம். முதல் குண்டுக்கு ஹேமரை (அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) கையால் இழுத்து வைக்கத் தேவையில்லை, ட்ரிகரை நீளமாக அழுத்தினாலே அது எழுந்து விழும். இந்த வசதியைப் பூட்டிய குழலுள்ள ராணுவ பிஸ்டலில் பெரிய அளவில் கொண்டுவந்தது பி-38. தோட்டா உள்ளே இருந்தால் ஹேமருக்கு மேலே ஒரு சிறு ஊசி நீட்டி நிற்கும், இருட்டில் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

சேகரிப்பவருக்கு இதில் பிடித்தது எழுத்துக் குறிகள். வால்தர் செய்தது ஏசி, மவுசர் செய்தது பிஒய்எஃப், ஸ்ப்ரீவெர்க் செய்தது சிஒய்க்யூ. போர் முடிவை நெருங்க நெருங்க மெருகு குறைந்து, வெட்டுக் கருவியின் கோடுகள் ஸ்லைடில் அப்படியே தெரியும். 1940-இல் செய்ததையும் 1945-இல் செய்ததையும் அடுத்தடுத்து வைத்தால், தொழிற்சாலை மூச்சு வாங்கியது உலோகத்திலேயே தெரிகிறது. வரிசை எண் பிரேம், ஸ்லைடு, குழல் மூன்றிலும் இருக்கும். லூகர் அளவுக்குத் தலைவலி இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: சேஃப்டியை அழுத்தினால் ஹேமர் விழும் ஏற்பாடு இது. பாகங்கள் தேய்ந்த பழைய துப்பாக்கியில் உள்ளே தோட்டாவோடு அதைச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

1911-ஐப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றது, 1985-இல் பெரெட்டா தேர்வாகும் வரை அதுதான் முதன்மை. .45 அங்குலத் தோட்டா, 7 தோட்டா அடங்கும் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு), வெறுமையாகவே ஏறக்குறைய 1.1 கிலோ. இதில் சேகரிப்புச் சுவை, செய்தவர்களின் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. போர்க்காலத்தில் தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், தையல் இயந்திரம் செய்த சிங்கர் எல்லாரும் இதைச் செய்தார்கள். சிங்கர் செய்தது 500 மட்டுமே. அதனால் சிங்கர் பெயரில் போலிகளும் உண்டு, கனவில்கூட அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். லூகர் மாதிரி சின்னப் பாகங்களில் எண் இருக்காது. ராணுவக் கிடங்குகளில் பிரித்துச் சேர்த்தவையே அதிகம். பிரேம் ஒருவர் செய்தது, ஸ்லைடு இன்னொருவர் செய்தது என்று இருந்தால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கிடங்கு முத்திரை இருந்தால், அந்தக் கலப்பே அதன் சேவைப் பதிவு.

இப்போது ஹை-பவர். என் மனம் நின்ற இடம் இது, எதற்காக என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரவுனிங் 1911-க்கான காப்புரிமையை கோல்ட் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காகப் புதிய பிஸ்டல் வரையத் தொடங்கியபோது, சொந்தக் கண்டுபிடிப்பையே சுற்றிக்கொண்டு போக வேண்டிய நிலை. 1926-இல் லியேஜில், எஃப்.என். தொழிற்சாலையிலேயே அவர் இறந்தார். மிச்ச வேலையை டியூடோன்னே சேவ் எடுத்துக்கொண்டார். தோட்டாக்களை இரண்டு வரிசையாக ஒன்றையொன்று தாண்டி அடுக்கும் மேகசின் அவருடைய யோசனைதான். கோல்ட்டின் காப்புரிமைகள் காலாவதியான பிறகு, 1911-இல் நன்றாக வேலை செய்த சிலவற்றையும் அவரால் சேர்த்துக்கொள்ள முடிந்தது. 1935-இல் பெல்ஜிய ராணுவம் ஏற்றது. மேகசினில் 13 தோட்டா. லூகரிலும் பி-38-இலும் 8-தான். அந்தக் காலத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1911-இன் குழலுக்கு அடியில் ஒரு குட்டி இணைப்பு, எட்டு எண் வடிவத்தில், ஊசியில் ஆடிக்கொண்டிருக்கும். குழலைக் கையில் பிடித்து அசைத்தால் கிணுகிணுவென்று சத்தம் கேட்கும். குழலின் பின்பகுதியைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிப்பது அந்த இணைப்புதான். ஹை-பவரின் குழலில் அந்த ஆடும் துண்டே இல்லை. அதே இடத்தில் குழலோடு ஒன்றாக வெட்டிய ஒரு சாய்வுத் தடம். அசைத்தால் சத்தம் வராது. வேலை அதேதான், ஆனால் ஒரு பாகம் குறைந்துவிட்டது. இன்று பெரும்பாலான பிஸ்டல்களில் குழல் சாய்வது இப்படி ஒரு தடத்தில்தான். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு மனிதர் தன் வேலையையே மறுபடி பார்த்து, 'இது தேவையில்லை' என்று எடுத்துப் போட்டிருக்கிறார். இதை நான் எத்தனையோ வரைபடங்களில் பார்த்திருந்தேன். இரண்டு குழல்களையும் இரு கைகளில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது.

குறைகள் இருக்கின்றன. மேகசின் இல்லையென்றால் ட்ரிகர் இயங்காத காப்பு ஒன்று இதில் உண்டு. அது மேகசினின் மேல் உரசுவதால் ட்ரிகர் கனமாக, கரகரப்பாக இருக்கும். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். சேகரிப்புக்கு வாங்குபவர் அது உள்ளே இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஹேமர் கட்டைவிரல் கவட்டுத் தோலைக் கடிக்கும் பழக்கமும் உண்டு.

வகைகளுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் எஃப்.என். தொழிற்சாலையில் செய்தவற்றில் ஜெர்மன் ஆய்வு முத்திரை இருக்கும். அதே காலத்தில் கடலுக்கு அப்பால், கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் நேச நாடுகளுக்காக இதையே செய்தது. சீனாவுக்கென்று செய்தவற்றில் தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும், குறிபார்க்கும் பின்பக்கத் துண்டும், மரத் தோள்கட்டை மாட்டப் பிடியின் பின்னால் ஒரு வெட்டும் இருக்கும். ஒரே பிஸ்டலை எதிரெதிர் அணிகள் இரண்டும் செய்து பயன்படுத்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போருக்குப் பிந்தியவற்றில் 1960-களில் வந்த, வரிசை எண் டி (T) எழுத்தில் தொடங்கும் பிஸ்டல்களின் மெருகு அபாரம். அதே பத்தாண்டில், 1962-இல், காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி உள்ளிருந்து வெளியே வந்தது. ஸ்லைடின் வலப்பக்கத்தைப் பார்த்தாலே முன்னதா பின்னதா என்று தெரிந்துவிடும். 2022-இல் எஃப்.என். அதே பெயரில் வெளியிட்டது வேறு வடிவமைப்பு, பழையதன் பாகங்கள் அதற்குச் சேராது. புதியதைப் பழையதன் தொடர்ச்சி என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம்.

செக் நாட்டு பிஸ்டலான சிஇசட் 75-ஐயும் கொஞ்ச நாள் யோசித்தேன். ஸ்லைடு பிரேமுக்கு வெளியே ஓடாமல் உள்ளே ஓடும் அமைப்பும், 1970-களின் முதல் தொகுதியின் மெருகும் அருமை. ஆனால் அதற்குள் இருக்கும் சாய்வுத் தடம் ஹை-பவர் வழியாக வந்தது. மூத்தது வீட்டுக்கு வந்த பிறகு இளையது வரட்டும்.

அதனால் என் வரிசை இப்படி. கையில் 1911 இருப்பவருக்கு ஹை-பவர். எதுவும் இல்லாமல் முதல் படி எடுத்து வைப்பவருக்கு பி-38: முத்திரை படிக்கப் பழகலாம், தவறு செய்தாலும் அடி பலமாக விழாது. லூகர், பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டத் தயங்காத ஒருவரிடமிருந்து மட்டும்.

நான் இப்போது தேடுவது உள்கொக்கி வைத்த, மேகசின் காப்பு கழற்றப்படாத, தோலுறையில் கிடந்து ஊறாத ஒரு ஹை-பவர். தோலுறையோடு சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் உறையிலிருந்து உருவி, தோல் படும் பக்கத்தை முதலில் பாருங்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருப்பது அங்கேதான். உறையைத் தனியாகவும் பிஸ்டலைத் தனியாகவும், மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து, உள்ளே விரல் விட்டுக் காலிதான் என்று உறுதி செய்த பிறகே துணியில் வையுங்கள்.