பழைய வீட்டுக் கணினிக்கு மாற்று விசைப்பலகை: மூன்று வழிகள், ஒரு கேள்வி

1982இல் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 ஆகிய இரண்டிலும் விசைப்பலகைக்கென்று தனிச் சில்லு எதுவும் கிடையாது. ஸ்பெக்ட்ரத்தின் 40 விசைகள் எட்டுக்கு ஐந்து என்ற கம்பிக் கட்டத்திலும், கமடோரின் 66 விசைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எட்டுக்கு எட்டு என்ற கட்டத்திலும் அமைந்திருக்க, எந்தக் கம்பியும் எந்தக் கம்பியும் தொட்டுக்கொண்டன என்பதைக் கணினியே நேரடியாகப் படித்துக்கொள்கிறது. ஆகவே மாற்று விசைப்பலகை விரலுக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட, இயந்திரம் அதற்கும் அசலுக்கும் வேறுபாடு காண்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஸ்பெக்ட்ரத்துக்கு மிக எளிய வழி புதிய மெம்பரேன், அதாவது விசைகளுக்கு அடியில் கம்பிக் கட்டம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். அசல் மெம்பரேனைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் வால் போன்ற இரண்டு பட்டைகளும் காலப்போக்கில் மொறுமொறுப்பாகி, மேல்மூடியைத் திறந்து இணைப்பியிலிருந்து உருவும்போதே விரிசல் விட்டுவிடுகின்றன. அதே அளவில் புதியவை இன்றும் தயாரிக்கப்படுவதால், பற்றவைப்பு ஏதுமின்றி மாற்றிவிடலாம். கவனம் தேவைப்படுவது ஒட்டியிருக்கும் உலோக முகப்புத் தகட்டைப் பெயர்ப்பதில்தான். தலைமுடி உலர்த்தியால் பசையை இளக்காமல் நெம்பினால் தகடு வளைந்துவிடும். வளைந்ததை முழுக்க நிமிர்த்தவே முடியாது. ரப்பர் விசைகளின் பழைய உணர்வு அப்படியே திரும்பிவிடும் என்பது இதன் நிறை. அந்த உணர்வைப் பிடிக்காதவர்களுக்கு அதுவே குறை.

இரண்டாவது வழி, அதே கட்டத்தைப் புதிய சர்க்யூட் போர்டில் வரைந்து இயந்திரவியல் சுவிட்சுகளைப் பொருத்துவது. தட்டச்சுச் சுகத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் இன்றைய இயந்திரவியல் விசைப்பலகைகளில் பரவலாக உள்ள எம்எக்ஸ் வகைச் சுவிட்ச் விசைமூடி இல்லாமலேயே போர்டுக்கு மேல் சுமார் 15 மில்லிமீட்டர் நிற்பதால், ஸ்பெக்ட்ரத்தின் மெல்லிய பெட்டியில் அடங்காது. தாழ்வான சுவிட்சோ வேறு பெட்டியோ தேவைப்படும். கமடோரில் உயரம் பெரிய தடையல்ல; அங்கே தொல்லை தருவது அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஷிஃப்ட் லாக் விசைக்கு ஏற்ற சுவிட்ச் கிடைப்பதும், விசைமூடிகளின் முன்பக்கத்தில் வரைகலைக் குறிகளைப் பொறிப்பதும்.

இந்த வழியில் பலர் செய்யும் ஒரு 'மேம்பாடு' குறித்து அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒருசேர அழுத்தினால் நான்காவது விசையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். இன்றைய விசைப்பலகைகளைப் போல ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்தால் இது நீங்கும். ஆனால் டயோடு மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும். கமடோரில் கட்டத்தின் இரு பக்கங்களும் உள்ளீடாகவோ வெளியீடாகவோ மாறக்கூடிய துறைகளில் (போர்ட்) இணைந்திருப்பதால், வழக்கத்துக்கு எதிர்த்திசையில் விசைகளைப் படிக்கும் நிரலுக்கு டயோடு வைத்த விசைப்பலகை செத்ததாகவே தெரியும். ஸ்பெக்ட்ரத்தின் நிலை வேறு. அதன் கட்டத்தைச் செயலியோடு இணைக்கும் எட்டு முகவரிக் கம்பிகளிலும் ஏற்கெனவே ஒவ்வொரு டயோடு இருக்கிறது. இன்னொரு சிலிக்கான் டயோடு சேர்ந்தால் மின்னழுத்தச் சரிவு சுமார் 1.2 வோல்ட்டை எட்டும். சில்லுகளுக்கான டிடிஎல் மின்னழுத்தத் தரப்படி, விசை அழுத்தப்பட்டதைக் காட்டும் 'தாழ்வு' நிலையின் உச்ச எல்லையோ 0.8 வோல்ட். ஆகவே அழுத்திய விசை பதியாமல் போகலாம். மூன்று விசைக் குறை அசல் இயந்திரத்திலும் இருந்ததுதான். அதை நீக்கப் போய் நம்பகத்தன்மையை இழப்பது நல்ல பேரமல்ல.

மூன்றாவது வழியில் பிஎஸ்/2 அல்லது யுஎஸ்பி விசைப்பலகையை ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (நிரலிடக்கூடிய சிறு கணினிச் சில்லு) படித்து, எம்டி8808 போன்ற எட்டுக்கு எட்டு அனலாக் சுவிட்ச் சில்லின் மூலம் உரிய இரு கம்பிகளை இணைக்கிறது. அந்தச் சில்லு இரு திசையிலும் மின்சாரத்தை விடுவதால், டயோடு வைத்த போர்டைவிட இதுவே அசலுக்கு நெருக்கமாக நடந்துகொள்கிறது. சிக்கல் நிரலில்தான் இருக்கிறது. கமடோரில் ஷிஃப்ட்டும் 2உம் சேர்ந்தால் மேற்கோள் குறி வரும். அமெரிக்க அமைப்பிலான இன்றைய விசைப்பலகையிலோ அங்கே அச்சிட்டிருப்பது வேறு. விசை இருக்கும் இடத்தைப் பின்பற்றினால் அச்சிட்ட குறி பொய்யாகும். குறியைப் பின்பற்றினால், இரண்டு விசைகளை ஒன்றாகப் பிடித்திருக்க வேண்டிய விளையாட்டுகளில் மைக்ரோகண்ட்ரோலர் ஷிஃப்ட்டைத் தானாக அழுத்தியும் விட்டும் குழப்பும். ரெஸ்டோர் விசை கட்டத்திலேயே இல்லாமல் செயலியின் குறுக்கீட்டுத் தடத்துக்குத் தனியே போவதால் அதற்கென்று இன்னொரு வெளியீடும் வேண்டும்.

விசைப்பலகையே இல்லாமல் கிடைத்த கமடோருக்கும், மேசைமேல் சோதித்துப் பார்க்கும் தாய்ப்பலகைக்கும் மூன்றாவது வழி போதும். பெட்டி முழுமையாக உள்ள ஸ்பெக்ட்ரத்துக்கு மெம்பரேனைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள்தோறும் நிரல் எழுதும் கமடோருக்கு இயந்திரவியல் சுவிட்சுகளே தகும். ஆனால் போர்டின் வரைபடத்தில் விசைகளுக்கு டயோடு இல்லை என்பதையும், ரெஸ்டோர் தனித் தடத்தில் போகிறது என்பதையும் வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.