டயர் பிரஷர் சென்சார் பேட்டரி கிட்: பேட்டரிக்கு முழு மார்க், கூட வந்த பசைக்குப் பூஜ்யம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். டயருக்குள் இருக்கும் பிரஷர் சென்சாரில் பேட்டரி தீர்ந்துபோனால், சென்சாரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்காமல், பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ள ஒரு கிட் விற்கிறார்களே, அது வேலை செய்கிறது. ஆனால் எல்லா சென்சாருக்கும் ஒத்துவராது, அதற்குள் வரும் எல்லாப் பொருளும் உருப்படியும் இல்லை.

பெட்டியைப் பிரித்தால் நான்கு பட்டன் செல்கள், இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டுக் கால்கள் வெல்டு செய்தவை. அப்புறம் ஒரு சின்னக் குழாயில் பசை, சுரண்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி, படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்னும்படி ஒரு குறிப்புத் தாள். அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் காரில் சென்சார் டயருக்குள்தான் இருக்கிறதா? நிறைய கார்களில் உள்ளே எதுவுமே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்காக இருக்கும் சக்கர வேக சென்சாரை வைத்தே, காற்று குறைந்த டயர் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதைக் கணக்குப் போட்டு எச்சரிக்கும். அந்த வகைக்குப் பேட்டரியே இல்லை, இந்தக் கிட்டும் தேவையில்லை. உள்ளே சென்சார் இருக்கும் காரென்றால் டாஷ்போர்டு விளக்கே விஷயத்தைச் சொல்லிவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நேராக நின்று எரிந்தால் காற்று குறைவு. ஒன்று, ஒன்றரை நிமிடம் போல மின்னிவிட்டு அப்புறம் நின்று எரிந்தால் கோளாறு சிஸ்டத்தில். 5 முதல் 10 வருடம் ஓடிய காரில் இந்த இரண்டாவது வகை வந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான்.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. காலைக் குளிரில் விளக்கு வரும், மதியம் போய்விடும், மறுநாள் மறுபடி வரும். செல் வயதாக ஆக அதன் உள் மின்தடை ஏறும், குளிரில் இன்னும் ஏறும். சென்சார் ரேடியோ சிக்னலை அனுப்பும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தேவைப்படும் கரண்டைத் தர முடியாமல் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். அதனால்தான் கழற்றிய பழைய செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 2.9 வோல்ட் என்று காட்டி நம்மை ஏமாற்றும். சும்மா இருக்கும்போது எல்லா செல்லும் நல்ல செல்தான், லோடு கொடுத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். கையடக்கமான ட்ரிக்கர் கருவி இருந்தால் இந்த யூகமெல்லாம் வேண்டாம், வால்வு பக்கத்தில் பிடித்தால் 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் சென்சாரை எழுப்பி, அதன் ஐடி, பிரஷர், வெப்பம் எல்லாவற்றையும் காட்டும், பல சென்சார்களில் பேட்டரி நிலைமையையும் சேர்த்து. இந்தக் கிட்டில் அது இல்லை. டயர் கடையில் இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

சரி, கிட்டின் உயிரான செல்லுக்கு வருகிறேன், பாராட்ட வேண்டியது இதைத்தான். சிஆர்2450 என்று கடையில் கிடைக்கும் சாதாரண செல்லும் 3 வோல்ட்தான், சைஸும் அதேதான், விட்டமே 24.5 மில்லிமீட்டர், கனம் 5 மில்லிமீட்டர். வித்தியாசம் வெப்பத்தில் இருக்கிறது. சாதாரண செல்லுக்குப் பொதுவாக 60 டிகிரி வரைதான் உத்தரவாதம். வெயிலில் நெடுந்தூரம் ஓடி, பிரேக் சூடும் ரிம்மில் ஏறும்போது அந்த எல்லை அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. இதற்கென்றே செய்த செல்கள் இருக்கின்றன, மாக்செல்லின் சிஆர்2450ஹெச்ஆர், பானசோனிக்கின் பிஆர்2450ஏ போன்றவை. மைனஸ் 40-இலிருந்து 125 டிகிரி வரை தாங்கும். கொள்ளளவு சாதாரண செல்லைவிடச் சற்றுக் குறைவு என்று செல் தயாரிப்பாளரின் விவரத் தாளில் தெரியும், அதைப் பார்த்து அதிகக் கொள்ளளவு உள்ள சாதாரண செல்லை வாங்கிப் போடாதீர்கள். சூட்டில் அதன் சீல் தளர்ந்து உள்ளே இருப்பது வறண்டுபோனால் அந்தக் கொள்ளளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது. எனக்கு வந்த கிட்டில் செல் மீதே ஹெச்ஆர் என்று அச்சிட்டிருந்தது, புது செல்லில் இருக்க வேண்டிய 3 வோல்ட்டுக்கு மேலான அளவும் இருந்தது. உங்களுக்கு வருவதில் அந்த எழுத்தோ பிஆர்2450ஏ போன்ற பெயரோ இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். இன்னொன்று, சில சென்சார்களில் சிஆர்2032 அல்லது சிஆர்2050 சைஸ் இருக்கும், அந்த இடத்தில் 2450 உட்காராது. சென்சார் மாடலைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

தகட்டுக் கால் இருப்பதும் அலங்காரத்துக்காக இல்லை. லித்தியம் செல்லின் முதுகிலேயே நேராகச் சால்டரிங் இரும்பை வைத்தால் உள்ளே இருக்கும் சீல் கெடும், வெடிக்கவும் செய்யலாம். கால் இருந்தால் சூடு அதன் நுனியோடு நின்றுவிடுகிறது.

அடுத்தது வேலை. எத்தனை நேரம் ஆகும், எவ்வளவு கஷ்டம் என்பதெல்லாம் உங்கள் சென்சாரை எந்தப் பொருளால் மூடி அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததுதான். சிலவற்றில் ரப்பர் போல நெகிழும் ஜெல், நகத்தாலேயே பிய்த்தெடுக்கலாம், செல் அப்படியே கண்ணுக்குத் தெரியும். என்னுடையது இந்த ஜாதி, அதனால்தான் இவ்வளவு தெம்பாக எழுதுகிறேன். சிலவற்றில் கல் மாதிரி இறுகிய எபாக்சி பசை. அதைச் சுற்றும் பிளேடு வைத்துத்தான் அறுக்க வேண்டும், அறுக்கும்போது பிளேடு செல்லுக்குள் இறங்கினால் ஷார்ட் ஆகி சூடேறும், பக்கத்தில் சர்க்யூட் போர்டும் இருக்கிறது. போர்டுக்கு அடியில் செல்லை வைத்த சென்சாரும் உண்டு. இந்த இரண்டு வகைக்கும் என் சிபாரிசு: தொடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

செல் தெரிந்ததும் எந்தக் கால் பிளஸ், எந்தக் கால் மைனஸ் என்று போட்டோ எடுத்துக்கொண்டு, பழைய காலை நறுக்கி, புதியதை அதே இடத்தில் பற்றவைத்தால் முடிந்தது. ட்ரிக்கர் கருவியில் உடனே சிக்னல் வந்துவிடும். மூடுவதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பசையில்தான் கிட் மானத்தை வாங்கிவிட்டது. குழாயைத் திறந்ததும் வினிகர் வாடை. அந்த வாடை வரும் சிலிகான் எதுவும் உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும், அது தாமிரத்தை அரிக்கும். சுவர் விளிம்பு அடைக்க நல்ல சரக்கு, எலக்ட்ரானிக்ஸ் மேல் ஊற்ற இல்லை. இதைக் கிட்டில் வைத்து அனுப்பியவர்கள் ஒரு தடவையாவது இந்த வேலையைச் செய்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அமிலம் விடாத நியூட்ரல் வகை சிலிகான் வாங்கி அடைத்தேன். இரண்டு பாகமாக வந்து கலந்து ஊற்றும் எலக்ட்ரானிக்ஸ் எபாக்சியும் போதும், என்ன, அடுத்த முறை திறக்கும்போது நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பசைத் துப்பாக்கியில் உருக்கி ஊற்றுவது வேண்டவே வேண்டாம், டயர் சூட்டில் இளகிவிடும். எதை ஊற்றினாலும் சென்சார் உடம்பில் ஒரு குட்டித் துளை இருக்கும், காற்றழுத்தம் அது வழியாகத்தான் உள்ளே போய் அளக்கப்படுகிறது. அதில் ஒரு சொட்டு விழுந்தாலும் சென்சார் காலி. முன்னாலேயே ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள், அப்புறம் மறக்காமல் உரித்துவிடுங்கள்.

இந்தப் பாட்டை எல்லாம் படுவதில் என்ன லாபம்? பணம் ஒரு பக்கம். எனக்குப் பிடித்த லாபம் ஐடி மாறாதது. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு தனி எண் உண்டு, கார் அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அதே சென்சாரை அதே சக்கரத்தில் திரும்பப் போட்டால் காருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. புதிது போட்டால் காருக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அல்லது பழைய எண்ணைப் புதியதில் நகலெடுக்கும் வகையாக வாங்க வேண்டும். அலைவரிசையும் பொருந்த வேண்டும், 315 மெகாஹெர்ட்ஸ் காருக்கு 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார் எத்தனை கத்தினாலும் கேட்காது.

ஆனால் புதிய சென்சார் பக்கமும் நியாயம் இருக்கிறது. அலுமினியத் தண்டு வைத்த வால்வு என்றால் அதைக் கழற்றும்போதே பாருங்கள், தண்டு அரித்துப் பூத்துப்போயிருந்தால் அதில் புது பேட்டரி போடுவது வீண் வேலை. தண்டு நன்றாக இருந்தால் ரப்பர் வாஷர், நட், வால்வு பின் இவற்றைப் புதிதாகப் போட்டே மாட்டுங்கள், பின் நிக்கல் பூசியதாக இருக்கட்டும், வெறும் பித்தளை பின் அலுமினியத்தோடு சேர்ந்தால் அரித்து உள்ளேயே இறுகிவிடும். இந்தச் சாமான்கள் கிட்டில் கிடையாது. கொடுத்திருக்க வேண்டும், இதற்கும் நான் மார்க் குறைத்தேன்.

டயர் கடைக்காரர் பெரும்பாலும் “எதுக்கு சார் இந்த வேலை, புதுசு போட்டுடலாம்” என்பார். வியாபாரப் பேச்சு என்று நானும் நினைத்தேன், ஆனால் யோசித்தால் அவர் சொல்வதிலும் அர்த்தம் உண்டு. நாம் ஒட்டியது நாளை நின்றுபோனால் மறுபடி டயரைக் கழற்றி, மாட்டி, பாலன்சிங் செய்வது அவர்தான், அந்தக் கோபம் விழுவதும் அவர் மேல்தான். அதனால் இதற்காகவே டயரைக் கழற்றாதீர்கள். டயர் தேய்ந்து புதிது மாற்றும் சமயத்தில் செய்தால் கழற்றுவதும் பாலன்சிங்கும் எப்படியும் நடக்கப்போகிற வேலை, சென்சார் கையில் இலவசமாக வருகிறது. நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், ஒரே நாளில் பிறந்தவை, ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கும். மெஷின் கரம் டயர் விளிம்பை அமுக்கும்போது வால்வு இருக்கும் இடத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாற்ற வந்த சென்சார் மாற்றும் முன்பே உடையும்.

சால்டரிங் இரும்பையே தொட விருப்பமில்லாதவர்களுக்கு வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகும் சென்சார் இருக்கிறது, பலவற்றில் சிஆர்1632 செல், டயரைக் கழற்றாமலே மாற்றலாம். ஆனால் அது தனி டிஸ்ப்ளேயிலோ போனிலோதான் காட்டும், டாஷ்போர்டு விளக்கை அணைக்காது. ரப்பர் வால்வில் அந்த எடை ஆடிக்கொண்டே இருப்பதும் நல்லதில்லை, உலோக வால்வு போட்டுக்கொண்டு திருகுங்கள்.

கிட்டுக்கு 5-க்கு 3. செல்லை மட்டும் காலோடு தனியாக விற்கிறார்கள், அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன், ஸ்டெப்னியிலும் சென்சார் இருக்கும் கார்களுக்கு நான்கு செல் வைத்த இந்தப் பெட்டி எப்படியும் போதாது. கழற்றிய பழைய செல்லின் இரண்டு பக்கமும் ஒட்டுத்தாள் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். தீர்ந்த செல் என்றாலும் விழுங்கினால் தொண்டையை இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கும் அளவுக்கு அதில் சக்தி மிச்சம் இருக்கும்.