கனடாச் சாமானுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்போமர்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பல வருசம் இருந்துவிட்டுத் திருகோணமலையில் உவர்மலைக்கும் பாலையூற்றுக்கும் அலஸ்தோட்டத்துக்கும் திரும்பி வருபவர்கள், அங்கே பாவித்த சாமானில் பாதியையாவது பெட்டி கட்டி அனுப்பிவிடுகிறார்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (மின் அலை விநாடிக்கு 60 தடவை). இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பெட்டி வந்து சேர்ந்த கையோடு எல்லோரும் தேடுவது, எலக்ட்ரிக்கல் கடைகளில் "2000 வொட்ஸ்" என்று ஒட்டி விற்கும் அந்த இரும்புப் பெட்டி டிரான்ஸ்போமரைத்தான். முன்பக்கத்தில் இரண்டு சொக்கெட், பின்பக்கத்தில் 110/220 என்று தள்ளும் ஒரு சுவிட்ச், பக்கத்தில் ஒரு பியூஸ்.

தொழிலுக்கு உதவும் இரண்டு மூன்று சாமானுக்காக என்றால் வாங்கலாம். குசினி முழுவதையும் அதில் ஓட்டலாம் என்று நினைத்து வாங்கினால் காசும் போகும், சாமானும் போகும். இந்தப் பெட்டி வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும். ஹேர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். பெரும்பாலான பழுதுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வாங்கப் போக முதல் ஒவ்வொரு சாமானின் அடியிலோ முதுகிலோ இருக்கும் தகட்டை வாசியுங்கள். "100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்" என்று இருந்தால் அதற்கு டிரான்ஸ்போமரே தேவையில்லை. லப்டொப், மொனிட்டர், போன் சார்ஜர், ரவுட்டர், அநேகமான இங்க்ஜெட் பிரிண்டர்கள் எல்லாம் இந்த வகை. கனடாக் கம்பனிக்கு இங்கிருந்தே வேலை செய்ய வந்தவருக்கு மேசையில் இருக்கும் எதற்கும் இந்தப் பெட்டி வேண்டியதில்லை. பிளக்குக்கு அடப்டர் போட்டுத் தொங்கவிடுவதைவிட வயரையே மாற்றுங்கள்: மொனிட்டருக்குப் போகும் மூன்று துளைக் கணினி வயரும், பிரிண்டருக்கும் டிவிக்கும் போகும் எட்டு வடிவ வயரும் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கோடு இங்கே சாதாரணமாகக் கிடைக்கும். அடப்டர் தளர்ந்து பொறி கிளம்பும் தொல்லை அதோடு முடிந்தது. லேசர் பிரிண்டர் மட்டும் வேறு. தாளைச் சூடாக்கும் உருளை அதற்குள் இருப்பதால் தகட்டில் 120 வோல்ட் மட்டுமே இருக்கும், இழுப்பும் கூட. அதை அங்கேயே விற்றுவிட்டு வருவது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கனடாவில் வாங்கிய பவர் பாரை, அதாவது ஐந்தாறு துளையுள்ள நீட்டு வயரை, பிளக்கை மட்டும் மாற்றி நேரே 230இல் செருகாதீர்கள். இடி மின்னலில் இருந்து காப்பதற்காக அதற்குள் வைத்திருக்கும் வில்லை 120 வோல்ட் இணைப்புக்கு அளவாகச் செய்தது. 230 ஏறியதும் அது வெடித்துப் புகைக்கும், சில வேளை பிளாஸ்ரிக்கும் உருகும். சாமான் எல்லாம் 240க்குச் சரி என்று பார்த்துப் பார்த்துச் செருகியவர்களும் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். 2000 என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. முதலில் தூக்கிப் பாருங்கள். உள்ளே இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் இருந்தால் பாரம் இருக்கத்தான் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கி அரைக் கிலோகூட இல்லாமல் 1600, 2000 என்று எழுதியிருந்தால் அது டிரான்ஸ்போமரே இல்லை, மின் அலையை வெட்டிக் கொடுக்கும் பயணக் கருவி. முடி உலர்த்தியையும் அயன்பொக்ஸையும் அதில் கொஞ்ச நேரம் பாவிக்கலாம். மோட்டார் உள்ளதையும் எலக்ட்ரோனிக் போர்ட் உள்ளதையும் அதில் போட்டால் கெதியாகப் பழுதாகும்.

அடுத்தது சொக்கெட். கனடாவின் சாதாரணச் சொக்கெட் 15 அம்பியருக்கு உரியது. 120ஐ 15ஆல் பெருக்கினால் 1800 வொட்ஸ். ஆக, பெட்டி உண்மையிலேயே 2000 தாங்கினாலும் ஒரு துளையில் இருந்து அவ்வளவு எடுக்க முடியாது. மணிக்கணக்காக ஓடும் சாமானுக்கு அதிலும் எண்பது வீதம், சுமார் 1440 வொட்ஸ்தான் கணக்கு. கச்சான் அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 35 பாகைக்கு மேல் வெக்கை இருக்கும்போது அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் உள்ள சாமானுக்கு, தகட்டில் உள்ள வொட்ஸைப்போல் இரண்டு மூன்று மடங்குள்ள பெட்டி வேண்டும், தொடங்கும்போது இழுக்கும் கரண்ட் அவ்வளவு. எல்லா நாட்டுப் பிளக்கும் போகும் அகன்ற துளைச் சொக்கெட் வைத்த பெட்டிகளைத் தவிருங்கள். தட்டைப் பின்னை அவை இறுக்கிப் பிடிப்பதில்லை. தளர்ந்த இடம் சூடேறிப் பழுப்பு நிறமாகும்.

உள்ளே வரும் பக்கமும் கணக்கிருக்கிறது. 2000ஐ 230ஆல் பிரித்தால் 8.7 அம்பியர். பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் 5 அம்பியர் வட்டப் பின் பொயின்ட்டில் இதைச் செருகக் கூடாது. 13 அம்பியர் சதுரப் பின் பொயின்ட்தான் வேண்டும். சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் வீட்டுப் பிறேக்கர் விழுந்தால் பெட்டி பழுது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரிய டிரான்ஸ்போமர், அதிலும் வளைய வடிவில் சுற்றியது, முதல் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த லைனுக்கு, முதல் கண இழுப்பைப் பொறுக்கும் சி வகை பிறேக்கர் (எம்.சி.பி.) போட்டால் சரிவரும். பெட்டியில் எதுவுமே செருகாமல் இருக்கும்போதும் ஒவ்வொரு முறையும் விழுந்தால்தான் உள்ளே கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும்.

பின்பக்கத்து 110/220 சுவிட்ச்தான் இந்தப் பெட்டியின் மிக மோசமான பகுதி. துடைக்கும்போது தட்டுப்பட்டு 110க்கு மாறிவிட்டால், 230 வோல்ட் அப்படியே 110 சொக்கெட்டில் வெளியே வரும். பியூஸ் எரியும்தான், ஆனால் அதற்கு முதல் மிக்ஸர் எரிந்துவிடலாம். வாங்கி வந்த அன்றே 220 பக்கம் தள்ளி, மேலே இறுக்கமாக டேப் ஒட்டுங்கள். சுவிட்சே இல்லாத பெட்டி கிடைத்தால் அதை எடுங்கள்.

நல்ல சாமான் எதையும் செருக முதல் மல்டிமீட்டரால் மூன்று சோதனை செய்துவிடுங்கள். சுமை இல்லாமல் வெளியே 108 முதல் 122 வோல்ட் வரை இருக்க வேண்டும். இங்கே விநியோகம் 216க்கும் 244க்கும் இடையில் ஆடலாம் என்பதால் இந்த வீச்சு இயல்பானது. பிறகு ஒரு 1200 வொட்ஸ் சூடாக்கும் சாமானைப் பத்து நிமிடம் ஓட்டிக்கொண்டே அளவுங்கள். சுமை இல்லாமல் காட்டியதைவிட மிகவும் கீழே விழுந்தால் கம்பி மெல்லியது, திருப்பிக் கொடுங்கள். பெட்டியின் மேல் கை வைத்தால் சில விநாடிக்கு மேல் பொறுக்க முடியாத சூடு என்றாலும் அப்படியே. மூன்றாவது சோதனையைத் தயவுசெய்து விடவேண்டாம்: பிளக்கைக் கழற்றி எடுத்து, அதன் நீண்ட ஏர்த் பின்னுக்கும் முன்பக்கச் சொக்கெட்டின் வட்டத் துளைக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். மூன்று துளை இருந்தும் உள்ளே ஏர்த் வயரே பூட்டாத பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன.

எதற்குப் பொருந்தும்? கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் எல்லாவற்றுக்கும். கேக் செய்து விற்கத் தொடங்குபவர்களின் ஸ்டாண்ட் மிக்ஸர், வீட்டுத் தையல் மெசின், பிளெண்டர், கையால் பிடிக்கும் துளை மெசின். இந்த மோட்டாருக்கு ஹேர்ட்ஸ் பெரிய விசயமில்லை, வேகமும் மாறாது. பிரஷ் இருக்கிறதா என்று அறிய, மோட்டார் இருக்கும் தலைப்பகுதியின் இரு பக்கமும் பாருங்கள்: நாணயம் போல வட்டமான, நடுவில் கீறல் உள்ள இரண்டு மூடிகள் எதிரெதிரே இருக்கும். ஓடும்போது காற்றுத் துளைக்குள் சிறு நீலப் பொறி தெரியும். நல்ல ஸ்டாண்ட் மிக்ஸர் ஒன்றை வைத்திருப்பவர் அதற்காகவே 1000 வி.ஏ. (வோல்ட்-அம்பியர், வொட்ஸ் போலப் பெட்டியின் அளவு) பெட்டி வாங்குவது முழுப் பெறுமதி. தச்சு வேலை செய்பவர்கள் பற்றரி மெசின்களை இங்கேயே பாவிக்கலாம். அவற்றின் கனடாச் சார்ஜர் பெரும்பாலும் 120 மட்டும் என்பதால், அதே பற்றரிக்குரிய 230 வோல்ட் சார்ஜரை வாங்கினால் டிரான்ஸ்போமரே வேண்டாம்.

கேத்தல், ரோஸ்டர், ரைஸ் குக்கர் இவற்றையும் பெட்டி ஓட்டும். ஆனால் இங்கே இலகுவாக வாங்கக்கூடிய கேத்தலுக்காக இவ்வளவு பாரப் பெட்டியைக் குசினியில் வைத்திருப்பதில் நியாயம் இல்லை.

பொருந்தாதவை பிரஷ் இல்லாத மோட்டாரும், பாரமான டிரான்ஸ்போமர் உள்ளே இருக்கும் சாமான்களும். மேசை மின்விசிறி ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கூடவே சூடாகும். மைக்ரோவேவ் உறுமும். அதன் உள் டிரான்ஸ்போமர் 60க்கு அளவாகச் சுற்றியது; 50இல் இரும்பு காந்தத்தால் நிரம்பி வழிந்து கரண்ட் கூடும், சூடேறி எரிந்தும் போகலாம். மின் அலையை எண்ணி ஓடும் பழைய வகை மணிக்கூடு ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் பிந்தும். உடுப்பு உலர்த்தும் மெசினை யாரும் ஏற்றி அனுப்பாதீர்கள். அதற்கு அங்கே தனி நான்கு வயர் இணைப்பு. நிலாவெளிப் பக்கத்து வெயிலில் உடுப்புக் காய மெசின் தேவையுமில்லை.

வயதான பெற்றோரோடு திரும்புபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒக்சிசன் கொன்சன்றேட்டர் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் இந்தப் பெட்டியில் போட்டு ஓட்டாதீர்கள். அதன் கொம்பிறஸர் மெதுவாகிக் காற்று குறையும். மெசின் ஓடுகிறதே என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் என்று எழுதியதைப் பயணத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். நித்திரைக்குப் பாவிக்கும் சீபாப் மெசின்கள் பெரும்பாலும் 100–240 வகை, இருந்தாலும் தகட்டைப் பாருங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சவூதியில் இருந்து வருபவர்களுக்குப் பிரச்சினை வேறு வடிவில் வரும். கட்டார், டுபாய், குவைத், ஓமான் எல்லாம் இங்குபோலவே 50 ஹேர்ட்ஸ், சாமானை அப்படியே செருகலாம். சவூதியில் 60. இப்போது அங்கே வீட்டுக்கு 230 வோல்ட் என்பதால் பிரிட்ஜ் இங்கே வந்ததும் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. தகட்டில் 60 மட்டும் இருந்தால் கொம்பிறஸர் சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் டிக் டிக் என்று விழுந்து எழும்பும். 50/60 என்று இருந்தால் பயமில்லை. கொரியாவும் 220 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து வருபவர்களுக்கும் இதே கதைதான். இவர்களில் யாருக்கும் இந்த டிரான்ஸ்போமரால் பயன் இல்லை. லண்டனில் இருந்து வருபவருக்குப் பிளக்கும் அதே, கரண்டும் அதே.

பெட்டியை எப்போதும் சொக்கெட்டில் விட்டுவைக்காதீர்கள். சும்மா இருக்கும்போது 20 வொட்ஸ் இழுத்தாலே மாதம் 14 யூனிட்டுக்கு மேல். படிப்படியாக ஏறும் நமது பில்லில் அடுத்த படிக்குத் தள்ள அது போதும். திருக்கடலூர், உப்புவெளி போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று உள்ளே போய் இரும்புத் தகடு துருப்பிடிக்கும், தகடு தளர்ந்து இரைச்சல் கூடும், முனை இணைப்புகள் பச்சை பிடிக்கும். தரையில் வைக்காமல் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி ஒரு தட்டில் வையுங்கள். வருசத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், பிளக்கைக் கழற்றிவிட்டு முனைத் திருகாணிகளை இறுக்குவியுங்கள். மூடித் துணி போடக் கூடாது.

கடைப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே கம்பிச் சுற்றின் நடுவில் இருந்து 115ஐ எடுக்கும் வகை. பாரமும் விலையும் குறைவு. ஆனால் சுற்றின் கீழ்ப்பாதி அறுந்தால் 230 வோல்ட்டே சாமானுக்குப் போகும், வீட்டில் லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால் "நியூட்ரல்" பக்கமே ஷொக் அடிக்கும். இரண்டு தனிச் சுற்றுள்ளதில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அதன் வெளிப்பக்கத்தில் கசிவு வந்தால் வீட்டு டிரிப் சுவிட்ச் அறியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

எங்கள் தெரிவு, மோட்டார் வைண்டிங் செய்யும் இடத்தில் சொல்லிச் சுற்றுவிப்பது. கொஞ்சம் காத்திருக்க வேண்டும், விலையும் கூடும், ஆனால் திருத்த ஆள் ஊரிலேயே இருக்கிறார். இப்படிச் சொல்லுங்கள்: 1500 வி.ஏ., இரண்டு தனிச் சுற்று, செம்புக் கம்பி, உள்ளே 230, வெளியே 115, அதோடு 100 வோல்ட்டுக்கு ஒரு முனை. 60 ஹேர்ட்ஸ் மின்விசிறியைக் கட்டாயம் ஓட்டியே ஆகவேண்டும் என்றால் அந்த 100 வோல்ட் முனையில் போட்டால் சூடு குறையும், ஜப்பான் சாமானுக்கும் அதுவே உதவும். வெளியே 15 அம்பியர் பிறேக்கர் ஒன்று, தட்டைப் பின்னுக்கு மட்டும் உரிய சொக்கெட் இரண்டு, சுற்றி முடித்ததும் வார்னிஷில் தோய்த்துக் காயவைத்தது. கம்பியின் முனையைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், எடுக்க வேண்டாம்.