ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் வைஃபை இல்லை: எந்த வழியை முதலில் பிடிப்பது?

விண்டோஸ் 11-க்கு மாறிய கையோடு சிலருக்கு இந்தத் தொல்லை வருகிறது. லேப்டாப்பை மூடி வைத்து, அரை மணி கழித்துத் திறந்தால் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கிறது, வைஃபை மட்டும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. மறுபடி மூடித் திறந்தால் போய்விடுகிறது. இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் ஐந்தாறு இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

கை வைக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். வைஃபை செத்திருக்கும் அந்த நேரத்திலேயே டிவைஸ் மேனேஜரைத் (கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பக்கம்) திறந்து, வைஃபை கார்டின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் இருந்து, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால் கார்டு விழித்துவிட்டது, ரவுட்டரிடம் முகவரி வாங்க முடியாமல் நிற்கிறது என்று பொருள். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டாலே சரியாகலாம். விபிஎன் இருந்தால் அதை நிறுத்திவிட்டும் பாருங்கள். பெயரே காணவில்லை, அல்லது பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நிற்கிறது என்றால் சிக்கல் ட்ரைவரிலோ (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) மின் மேலாண்மையிலோ இருக்கிறது. கீழே உள்ளவை இந்த இரண்டாவது வகைச் சிக்கல் உள்ளவர்களுக்குத்தான்.

மிக எளிய வழி, டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற டிக்கை எடுப்பது. ஒரு நிமிட வேலை, பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் பல புதிய லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது. காரணம், அவை உறங்கும் விதம் வேறு. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்தால் (powercfg /a) உங்கள் கணினி எந்த வகை என்று காட்டும். பழைய எஸ்3 உறக்கத்தில் மெமரியைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். புதிய எஸ்0 முறையில் கணினி முழுதாக உறங்குவதில்லை. திரை அணைந்திருக்கும்போதே வைஃபை கார்டு தானாகத் தணிந்து, தானாக எழ வேண்டும். புதிய விண்டோஸுக்குப் பொருந்தாத ட்ரைவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது.

அதனால் ட்ரைவரை மாற்றுவதற்கே என் முதல் ஓட்டு. பழைய ட்ரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக்' பொத்தான், முந்தைய ட்ரைவர் சேமிப்பில் இல்லாவிட்டால் மங்கலாகக் கிடக்கும். அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ட்ரைவரையும், கூடவே பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டையும் எடுங்கள். அங்கே இருப்பது பழையதாக இருந்தால் மட்டும் சிப் தயாரிப்பாளரிடம் போகலாம். இன்னொன்று: பழையதை அழிக்கும் முன் புதியதை இறக்கி வைத்துவிடுங்கள். அழித்த பிறகு இறக்குவதற்கு நெட் இருக்காது!

ட்ரைவர் வரும்வரை காத்திருக்க வேண்டியவர்களுக்கு ஹைபர்நேட்டைச் சொல்வேன். பலரும் மறந்துவிட்ட வழி இது. மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினி அணைந்துவிடும். கார்டும் அணைந்து புதிதாக எழுவதால் வைஃபை பெரும்பாலும் வந்துவிடுகிறது. திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகும். வழக்கமான அமைப்பில் ராமில், அதாவது மெமரியில், 40% அளவுக்கு டிஸ்க் இடமும் போகும், 16 ஜிபி ராமுக்குச் சுமார் 6 ஜிபி. மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்நேட் ஆகும்படி கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி எஸ்3-ஐக் கட்டாயப்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. உங்கள் பயாஸில் எஸ்3 இல்லையென்றால் இருக்கிற ஸ்லீப்பும் போய்விடும், அதனால் வேண்டாம்.

நெட்வொர்க் ரீசெட் எல்லோரும் முதலில் அழுத்தும் பொத்தான். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன் அமைப்புகள் எல்லாம் போகும். உறக்கத்தில் வரும் கோளாறு அப்படியே இருக்கும். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விண்டோஸுக்கே திரும்புவது வேறு கணக்கு. கோப்புகள் தங்கும், ஆனால் மாறிய பிறகு போட்ட செயலிகளும் அமைப்புகளும் போகும். விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் அங்கே நெடுநாள் தங்க முடியாது. 11-இன் முந்தைய பதிப்புக்குத் திரும்புவதாக இருந்தால் அந்தக் கவலை குறைவு. இரண்டுக்கும் கெடு, மாறிய நாளிலிருந்து 10 நாள்தான். அந்த 10 நாளுக்குள் டிஸ்ம் (DISM) என்ற விண்டோஸ் கட்டளை மூலம் அதை 60 நாள்வரை நீட்டிக்கலாம். விண்டோஸ் டாட் ஓல்ட் என்ற ஃபோல்டரை மட்டும் இடம் வேண்டி அழித்துவிடாதீர்கள், அது போனால் திரும்பும் வழியும் போய்விடும். ஆகவே முதல் நாளே கெடுவை நீட்டி வைத்துவிட்டு, அப்புறம் டிக், ட்ரைவர், ஹைபர்நேட் என்று ஒவ்வொன்றாக இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்.